ஒரே மடிக்கணினி, ரெண்டு குடித்தனம்

"புனி, ஒண்ணும் வரல லா."

பந்திங் கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு தனேஷ் தன் பெண்டாட்டியிடம் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு இதுதான்.

மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்தவன் மாதிரி நின்றான். திரை கறுப்பாக இருந்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

புனிதா கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். ரோஷம் என்றால் அவளுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

கிள்ளானில் அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. அதற்குள் ரெண்டு குடித்தனம். விண்டோஸ் பக்கம் தனேஷுடையது. பக்கத்து ஊர் மேருவில் லோரி கம்பெனியில் அவனுக்கு வேலை. எந்த லோரி எங்கே போகணும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. லினக்ஸ் பக்கம் புனிதாவுடையது. வீட்டில் இருந்தபடியே யார் யாருடைய சர்வரையோ கட்டி மேய்க்கிற வேலை அவளுக்கு.

பட்டனை அழுத்தியதும் முதலில் ஒரு மெனு வரும். எந்தப் பக்கம் போகணும் என்று கேட்கும். அவரவர் பக்கத்தைத் தொட்டு அவரவர் உள்ளே போய்க்கொள்ளலாம்.

அந்தப் பந்திங் கல்யாணத்தில் ரமணி சித்தி, "புனிதா எங்க வேல செய்யுது?" என்று கேட்டதற்கு இந்த மனுஷன், வாய் நிறைய வடையோடு, "சும்மா வீட்டுலதான் இருக்கா சித்தி" என்று சொல்லித் தொலைத்தான்.

சும்மாவாம்! யாருடைய சர்வராவது படுத்துக்கொண்டால், சோற்றுக் கையைக் கழுவிவிட்டு ஓடுகிறவள் சும்மா இருக்கிறாளாம்!

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. புனிதா மெனுவில் அவன் பக்கத்தின் பெயரை மாற்றி வைக்க ஆரம்பித்தாள். விண்டோஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில், ‘சோறு அடுப்பு மேல.’ மறுநாள், ‘கேஸ் முடிஞ்சிருச்சு.’ அவன் படிப்பான். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். புது கேஸ் வந்து நிற்கும். குடும்பம் நடந்துகொண்டுதான் இருந்தது, மெனு வழியாக.

நேற்றைக்கு மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ‘சும்மா இருக்கிறவ இன்னிக்கு சமைக்கல.’

இன்றைக்கு அந்த மெனுவும் போச்சு. இனி எதுவாக இருந்தாலும் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும். சொல்வாளா?

பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியை எழுப்பி, உள்ளே போய்ப் பார்த்தாள். அவள் வேலையெல்லாம் பத்திரமாக இருந்தது. அவன் லோரி சமாச்சாரமும் அப்படியே இருந்தது. அப்பாடா! மெனுவைக் கொண்டுவருகிற ஃபோல்டரை மட்டும்தான் இருந்த இடத்தில் காணோம்.

ஏதாவது அப்டேட் தின்றிருக்கும் என்று நினைத்தாள். புதிதாகப் போடுமுன், எதற்கும் இருக்கட்டும் என்று பெயரைக் கொடுத்துத் தேடினாள்.

கிடைத்தது.

அவள் பக்கத்தில், அவர்களுடைய கல்யாணப் படங்களுக்குள் இருந்தது. இருவரும் மாலையும் கழுத்துமாக நிற்கிற படங்களுக்கு நடுவே, ஒன்றுகூட அழியாமல், முழுசாக.

ஃபோல்டர் தானாக நடந்து போகுமா?

அவள் பாஸ்வேர்டு தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான். சண்டை போட்ட அன்றைக்கே அதை மாற்றியிருக்க வேண்டும். ஏனோ மனசு வரவில்லை.

போன வருஷம் தோளுக்குப் பின்னால் நின்று, இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அவளேதான் சொல்லிக் கொடுத்தாள். இந்த ஃபோல்டரை மட்டும் தொட்டுறாதீங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் எந்திரிக்காது, நான் வந்துதான் எழுப்பணும்.

அடப்பாவி!

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது சிரிப்புதான். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற ஆள். இதைச் செய்து முடிப்பதற்குள் எத்தனை தடவை தப்புத் தப்பாக அடித்தானோ, பாவம்.

சமையலறையிலிருந்து அவன் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் பேசினான்.

"ஆமா சித்தி, அன்னிக்கு சும்மானு சொன்னேன்ல, அது தப்பு லா. என்னைவிட அவளுக்குத்தான் வேலை ஜாஸ்தி. இப்பகூட வேலையாதான் இருக்கா."

போன் அடித்த சத்தமே கேட்கவில்லை. இவனேதான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

பிறகு பால் சேர்க்காமல் ஒரு கோப்பை தே ஓ கலக்கிக்கொண்டு வந்தான். அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தை எவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொண்டு, பெரிய கோளாறா என்று கேட்டான்.

ஃபோல்டரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக ஒரே ஒரு வரி போதும். புனிதா அதை ஏற்கெனவே அடித்து முடித்திருந்தாள். எண்டரைத் தட்டினால் தீர்ந்தது.

"பெருசுதான் லா. இன்னிக்குப் பூரா இழுக்கும் போல. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி வந்துவிட்டது.

புனிதா எண்டர் மேலிருந்த விரலை எடுத்து, தே ஓவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.