அணிக்கு இளைஞர்கள் தேவை

அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஒரு கம்பெனியின் பேஸ்பால் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. இந்த ஆண்டு ஓர் ஆட்டமாவது வெல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

அணித்தலைவர் ரிபாய் பதறிப்போய் மேலாளர் கோபாலசாமியிடம் ஓடினார்.

“சார், ஊர்லேர்ந்து சின்னப் பசங்களைக் கொண்டு வாங்க.”

“புது விசா மாஃபி, கிடையவே கிடையாது பாய். ஒருத்தர் போனாத்தான் இன்னொருத்தர் வரலாம்.”

“அப்ப வயசானவங்களை அனுப்பிடுங்க. பாவம் பார்த்தா டீம் தேறாது.”

மூத்தவர்கள் ஒவ்வொருவராக வேலையிழந்து ஊர் திரும்பினர். இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். ஆயினும் முதல் ஆட்டத்திலேயே அணி மண்ணைக் கவ்வியது.

“பந்து வீச மட்டும் ஒரு நல்ல பையன் கிடைச்சாப் போதும், சார்!” என்று கெஞ்சினார் ரிபாய்.

“நாளைக்கே வர்றான்” என்ற கோபாலசாமி, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “டீம்ல வயசானவர்னு இப்ப நீங்க ஒருத்தர்தான் மிச்சம், பாய்.”