செவ்வாய்க்கிழமை, நாலு பத்து

நோட்டு இன்ஸ்பெக்டரின் மடியில் விரிந்து கிடந்தது. அவர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

எதிரே நாற்காலி நுனியில் லக்ஷ்மிநாராயணன் உட்கார்ந்திருந்தார். ட்ரோன்களை மறிக்கும் அந்தப் பெட்டி டீப்பாய் மேல் இருந்தது. பரணிலிருந்து அவரே இறக்கிக் கொடுத்திருந்தார்.

அதைச் செய்ததில் அவருக்கு இப்போதும் கொஞ்சம் பெருமைதான். ராணுவத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் செய்யும் அரசுக் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவர்.

செகந்திராபாத் பக்கம் மௌலா அலியில் மூன்றாவது மாடி ஃப்ளாட். குளியலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு நாள் ட்ரோன் வந்து நின்றது. மனைவி ரமணி துண்டைச் சுற்றிக்கொண்டு அலறியபடி ஓடி வந்தாள். போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சரி, நமக்குத் தெரிந்த வித்தைதானே என்று செய்ய உட்கார்ந்துவிட்டார்.

வித்தை தெரிந்தவருக்குச் சட்டம் தெரியாதா? தெரியும். நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற அசட்டுத் தைரியம்.

பார்த்துவிட்டார்கள். பெட்டி கிளப்பிய இரைச்சலில், மேலே பறக்கும் பயிற்சி விமானங்களுக்கே வழி காட்டும் கருவி தடுமாறியிருக்கிறது. வயர்லெஸ் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் ஆன்டெனாவும் கையுமாகத் தெருத் தெருவாக அலைந்து இந்த வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். நரை விழுந்த மனிதர். கழுத்து அட்டையில் ஃபெலிக்ஸ் என்று இருந்தது. வந்ததிலிருந்து இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். செகந்திராபாத்துக்காரராக இருக்கும் என்று லக்ஷ்மிநாராயணன் நினைத்துக்கொண்டார்.

லைசென்ஸ் இல்லாமல் இதை வைத்திருப்பதே குற்றம் என்றார் இன்ஸ்பெக்டர், தெலுங்கில். ஆனால் அவர் வந்தது அதற்காக மட்டுமில்லை.

செவ்வாய்க்கிழமை பின் தெருவில் ஒரு ட்ரோன் திடீரென்று கட்டுப்பாடு இழந்து, சாரத்தில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் முகத்தில் மோதிவிட்டது. மொட்டை மாடியில் சோலார் தகடு பொருத்த அளவெடுத்துக்கொண்டிருந்த ட்ரோன். அது எந்த ஜன்னலையும் எட்டிப் பார்க்கவில்லை. நாலு மாடி உயரத்திலிருந்து விழுந்தவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. பிழைத்தால் ஒரு செக்‌ஷன், போய்விட்டால் வேறு செக்‌ஷன் என்று இன்ஸ்பெக்டர் பொறுமையாக விளக்கினார். விழுந்த நேரம் நாலு பத்து.

அதைக் கேட்டதும் லக்ஷ்மிநாராயணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செவ்வாய் நாலு மணிக்கு அவர் வீட்டிலேயே இல்லை. போவன்பள்ளி மார்க்கெட்டில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி அணைந்துதான் இருந்திருக்கும். அந்த ஆள் பாவம்தான். ஆனால் அந்தப் பழி நம் தலையில் விடியாது.

வேண்டுமானால் நோட்டைப் பார்க்கட்டும். எந்த மெஷினைத் தொட்டாலும் எழுதி வைப்பது கம்பெனியில் படிந்த பழக்கம். தேதி, போட்ட நேரம், அணைத்த நேரம், காரணம். ரமணிக்கு ஸ்விட்சைக் காட்டிக் கொடுத்தபோதுகூட, தொட்டால் எழுதியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இது வீடா ஃபேக்டரியா என்று அவள் கேலி செய்தாள்.

போவன்பள்ளி என்று சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பக்கம் முழுக்க அவருடைய இங்கிலீஷ். கடைசியில் மட்டும் ஒரு வரி தமிழ்.

செவ்வாய், 4.05. அவர் இல்லை. நானே போட்டேன்.

தலைகீழாகத் தெரிந்தால் என்ன, அந்த உருண்டை எழுத்தை அவருக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாக மளிகை லிஸ்டில் பார்க்கிறார்.

தனியாக இருந்திருக்கிறாள். வெளியே அந்த ரீங்காரம் கேட்டிருக்கும். பயந்து போட்டிருக்கிறாள். போட்டுவிட்டு, சொன்ன சொல் தவறாமல் எழுதியும் வைத்திருக்கிறாள்.

இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தவர் அவர்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டை அவர் பக்கம் திருப்பினார். அரவம் தனக்குப் படிக்க வராது என்றார். தமிழைத்தான் அப்படிச் சொன்னார். இந்த வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

போவன்பள்ளி இன்னும் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் தப்பிக்கலாம். அவர் மட்டும் தப்பிக்கலாம்.

அதை விழுங்கிவிட்டு, வரியின் மேல் விரலை வைத்துத் தெலுங்கில் படித்தார்.

"நேனே வேசானு."

நானே போட்டேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நான் என்பதற்கு ஆண், பெண் கிடையாது. தமிழிலும் கிடையாது, தெலுங்கிலும் கிடையாது.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். இதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நோட்டை ஃபெலிக்ஸிடம் நீட்டினார்.

முடிந்தது. ஜெயிலோ என்னவோ, போகப்போவது தான்தான் என்று நினைத்தபோது லக்ஷ்மிநாராயணனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஃபெலிக்ஸ் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல், அசல் திருநெல்வேலித் தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"அதுக்கு முந்தின ரெண்டு வார்த்தைய விட்டுட்டியளே சார்."