கோபப்படாத வாத்தியார்

"எத்தனை தடவை சொல்றது? மண்டையில ஏறவே ஏறாதா? கவனமெல்லாம் எங்க இருக்கு?"

கூடத்திலிருந்து வந்த சத்தத்தில் அம்மா கரண்டியைப் போட்டது போட்டபடி எட்டிப் பார்த்தாள். வாத்தியார் வீட்டில் இதெல்லாம் சகஜம்தான். ஆனாலும் பாடம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு ஜீவன் அழாத குறையாக உட்கார்ந்திருந்தது.

அந்த ஜீவன் அப்பா. கத்திக்கொண்டிருந்தவள் மகள்.

பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு 'டஸ்டர் சார்' என்று பெயர். சரித்திர வகுப்பில் எவனாவது கொட்டாவி விட்டால் போதும், டஸ்டர் பறந்து வரும். அப்பேர்ப்பட்ட மனிதர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பெற்ற பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"விண்டோவை மூடுங்கன்னா பிளக்கைப் பிடுங்குறீங்களேப்பா!"

"மூடிடுச்சா இல்லையா?"

விஷயம் சிரிப்பதற்கில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைகளைக் கழற்றிவிட்டு வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டார்கள். முதல் நாளே அப்பா அதை ஈரத்துணி போட்டுத் துடைக்கப் போய், பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இப்போது அதில் பாடம் நடத்த ஒரு தேர்வு வேறு. தேறாதவர்களுக்கு வகுப்பு கிடையாது, ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஃபைல் புரட்ட வேண்டியதுதான்.

வகுப்பு இல்லையென்றால் இந்த மனிதர் படுத்துவிடுவார் என்று அம்மாவுக்குத் தெரியும். லீவு நாளில் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட நிற்கவைத்து உலகப் போர் நடத்துகிறவர் அவர்.

அன்றைக்கு வாக்குவாதம் முற்றிவிட்டது. "உன்கிட்ட படிச்சு பாஸாகறதுக்கு நான் ஃபெயிலாவே போறேன்!" என்று லேப்டாப்பைப் படாரென்று மூடினார் அப்பா.

"ஸ்டூடண்ட் சரியில்லன்னா டீச்சர் என்ன பண்ணுவாங்க?" என்று எழுந்து போனாள் மகள். அந்த வசனம் அவருடையதுதான். பெற்றோர் கூட்டத்தில் வருஷா வருஷம் சொல்வார்.

இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டார்கள்.

கடைசியில் மகள்தான் இறங்கி வந்தாள். ஒரு சாயங்காலம் அப்பாவின் போனில் ஏதோ ஓர் ஆப்பை ஏற்றிக்கொண்டு வந்து வைத்தாள். "அம்மா, அவர்கிட்ட சொல்லு. இது மெஷின். சந்தேகத்தை டைப் பண்ணா பதில் சொல்லும். நூறு தடவை கேட்டாலும் கோவிச்சுக்காது." சொல்லிவிட்டு, ஆபீஸ் மீட்டிங் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா ஒற்றை விரலால் கொத்திக் கொத்திக் கேட்டார். மெஷின் பதில் சொன்னது. அதையே திருப்பிக் கேட்டார், திருப்பியும் சொன்னது. பிளக்கைப் பிடுங்கிய கதையை ஒப்புக்கொண்டதற்கு, 'பரவாயில்லை, பலர் செய்வதுதான்' என்றதாம். அப்பா அசந்துபோனார்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அப்பா போனும் கையுமாக சோபாவில், மகள் மூடிய கதவுக்குள் மீட்டிங்கில். "புள்ளையை இப்படிப் பிழிஞ்சு எடுக்கறாங்களே, நல்லா இருப்பாங்களா?" என்று அம்மா அந்த ஆபீஸைத் திட்டித் தீர்த்தாள்.

"என்ன பொறுமை, என்ன பொறுமை! மனுஷ ஜென்மத்துக்கு வருமா?" என்பார் அப்பா, கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி. "அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறுமை வந்துடுச்சு. இன்னிக்குக் கொட்டாவி விட்டவனை எழுப்பி, இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தேன்னா பாரேன்!"

"டஸ்டர் என்ன ஆச்சு?"

"அது கிடக்கு. இதைக் கேளு. நேத்து பாடத்துக்கு நடுவுல, 'பிரஷர் மாத்திரை போட்டாச்சா'ன்னு கேக்குதுடி!"

அம்மா வாயைப் பிளந்தாள். "நாம பேசறதையெல்லாம் இந்தப் போன் ஒட்டுக் கேக்குதாமே! மாத்திரைக் கம்பெனிக்காரன் எவனாவது சொல்லி வச்சிருப்பான்."

"இருக்கும், இருக்கும்" என்று அப்பா தலையாட்டிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

தேர்வு முடிவு வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கத்தினார். "பாஸ்!"

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"எல்லாம் என் மெஷின் வாத்தியாரோட புண்ணியம்" என்று போனைத் தட்டிக்கொடுத்தார் அப்பா.

"கங்கிராட்ஸ்" என்று முணுமுணுத்துவிட்டு மகள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? புள்ள முகம் எப்படிச் சுருங்கிப் போச்சு பாருங்க. கத்தினாலும் முதல்ல சொல்லிக் கொடுத்தது அவதானே? அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"இரு, முதல்ல வாத்தியாருக்கு நன்றி சொல்லிக்கறேன்" என்று அவர் மறுபடி ஒற்றை விரலால் கொத்த ஆரம்பித்தார்.

மெஷினுக்குப் போய் நன்றியாம்! அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பதில் உடனே வந்தது. அப்பா அதைச் சத்தமாகவே படித்தார். "'நீங்கள் மிக நல்ல மாணவர். இனி என் உதவி உங்களுக்குத் தேவைப்படாது.'"

படித்துவிட்டு மகளின் மூடிய கதவை ஒரு தரம் பார்த்தார். போனைக் கீழே வைத்தார். எழுந்து போய் மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"மாத்திரை கேட்ட மெஷினே, வெளிய வாம்மா... சாப்பிடலாம்!"