தள்ளி நின்று

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடொன்றில் உட்கார்ந்ததுமே கம்சலா ரெக்கார்டரை ஓடவிட்டாள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாதான் அவளுடைய ஆய்வு. "தள்ளி நின்று எழுது. நீயும் சேர்ந்து உருகிவிடாதே" என்று சொல்லித்தான் பேராசிரியர் அனுப்பியிருந்தார்.

"நீங்க தீச்சட்டி எடுத்திருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றாள் செவனம்மா. "மக படிச்சுப் பெரிய ஆளா வரணும்னு நேந்துக்கிட்டேன். தப்பு மேளச் சத்தத்துல நான் சட்டியோட நடக்க, அது என் சீலையப் புடிச்சிக்கிட்டே பின்னால வந்துச்சு. புகையில கண்ணு எரிஞ்சும் கைய விடலைங்க."

புகையே இல்லாத அறையில் கம்சலாவுக்குக் கண் எரிந்தது. அடுத்த கேள்விக்குப் போனாள்.

"வேண்டுதல் பலிச்சதா நீங்க நம்புறீங்களா?"

"நல்லாவே பலிச்சிருச்சுங்க மேடம்! பெத்தவளையே 'நீங்க, வாங்க'ன்னு பேசுற அளவுக்குப் படிச்சிருச்சே!"

கம்சலா ரெக்கார்டரைப் பட்டென்று நிறுத்தினாள்.

"கோவமாம்மா உனக்கு?"

செவனம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"இப்பதான் வந்தியா? இரு, தேத்தண்ணி ஊத்துறேன்."