பரோட்டா வராத வீடு

"பின்னையும் ரெண்டு கிலோ கூடியிருக்கல்லோ, பொன்செல்வி" என்றார் டாக்டரம்மா, எடை மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொன்செல்வி தானும் ஒருமுறை குனிந்து மெஷினைப் பார்த்தாள். நாலாம் வகுப்பு படிக்கிற மகள் கௌசல்யா மெஷினை விட்டு இறங்கி, வெளியே பெஞ்சுக்குப் போனாள். அந்த நாலு எட்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க சொன்னதுல ஒண்ணையும் விடல டாக்டர். எங்க தப்புன்னே தெரியல."

"சுகர் எல்லையில நிக்குது. அடுத்த தவணையும் இப்படின்னா மருந்து தொடங்கணும். பிள்ளைகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"மூச்சுக்கூட விடல."

"சொல்லவும் வேண்டாம், கேட்டீங்களா."

அதுதான் முதல் நாளே போட்ட நிபந்தனை. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிறவர்கள் "தடிச்சி, தடிச்சி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கௌசல்யா இனிமேல் போகவே மாட்டேன் என்று அழுது ஓய்ந்திருந்தாள். வீட்டிலும் அந்தப் பேச்சு எழக்கூடாது, அவளுக்கு மட்டும் தனிப் பத்தியம் கூடாது, வீட்டையே மாற்றுங்கள், எல்லாரும் ஒன்றையே சாப்பிடுங்கள் என்றிருந்தார் டாக்டர்.

மாற்றினார்கள். பொன்செல்வியின் வீட்டுக்காரன் தங்கபாண்டி தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். முன்பெல்லாம் ராத்திரி அவன் வரும்போது பரோட்டாவும் சால்னாவும் பொட்டலமாக வரும். அட்டக்குளங்கரையில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில், அந்த வாசனை வந்தால் மாஸ்டர் வந்தாயிற்று என்று அர்த்தம். அது நின்றது. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி காலை ஷிப்டுக்கு மாறினான். ஊர் உறங்கும்போதே போய், மதியத்துக்கு மேல் திரும்பி, சாயங்காலம் மகளோடு முற்றத்தில் பந்து எறிந்து விளையாடினான். பேக்கரி பப்ஸ் நின்றது. கேபிளை வெட்டியாயிற்று. ஸ்கூல் ஆட்டோவை நிறுத்திவிட்டு, பொன்செல்வியே பிள்ளையை நடத்திக் கூட்டிப்போய் நடத்திக் கூட்டிவந்தாள்.

ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சியும் சிறுபயறும். நாள் முழுக்க மாவை வீசி அடித்துவிட்டு வந்த மனுஷன் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பாவமாக இருக்கும். மகளுக்காக வாயைத் திறக்கமாட்டான். பொன்செல்வியின் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போயிற்று. அவன் கன்னமும் ஒட்டிவிட்டது. இளைக்க வேண்டியவள் மட்டும் இளைக்கவில்லை. இத்தனைக்கும் கௌசல்யா பாதிக் கிண்ணம்தான் குடிப்பாள். மீதியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் பொன்செல்வி சுவரில் சாய்ந்துவிட்டாள். கௌசல்யா கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கூடியிருக்கா?" என்றான் தங்கபாண்டி, அவள் முகத்தைப் பார்த்தே.

"ரெண்டு கிலோ."

"எங்கயோ ஒளிச்சுத் திங்கா. அதட்டிக் கேட்டுரவா?"

"வேண்டாம். அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சுல்லா."

"பெறகு என்னதான் செய்யச் சொல்லுத?"

"எனக்குத் தெரியலங்க. ஏலல. நானும் எவ்வளவுதான் பாப்பேன்?" என்றவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தான் பெற்ற பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு ஒழுங்காகப் போடத் தெரியாதவள் ஆகிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கௌசல்யா புத்தகப் பையோடு வந்தாள். "ரெம்யா வீட்டுக்குப் படிக்கப் போறேம்மா."

ரெம்யா அடுத்த வீட்டு லீலாபாயின் மகள். இருவரும் ஒரே வகுப்பு. தினமும் விளையாட்டு முடிந்ததும் நடக்கிறதுதான். இன்று மட்டும், டாக்டர் வீட்டு அலைச்சலில் பிள்ளை களைத்திருப்பாளே என்று, கொஞ்ச நேரத்தில் அழைத்துவரப் போனாள் பொன்செல்வி.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

கௌசல்யா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு நிறையப் புட்டு, முட்டைக்கறி, ஓரத்தில் எண்ணெய் மினுங்கும் பழம்பொரி. லீலாபாய் பக்கத்தில் குந்தி இன்னொரு கரண்டி கறி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன இது?"

லீலாபாய் பதறவில்லை. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒளிக்க வேண்டாம் பொன்செல்வி. மாஸ்டருக்கு ஜோலி போனது இங்க எல்லாருக்கும் அறியலாம்."

"ஜோலியா?"

"பொட்டலம் வாறதில்ல. சாயங்காலம் பாத்தா மனுஷன் முற்றத்துல பந்து எறிஞ்சுட்டு நிக்காரு. ஆட்டோவும் இல்ல, கேபிளும் இல்ல. ராத்திரி கஞ்சி. நீயும் எலும்பும் தோலுமா ஆயிட்ட. கேட்டா உனக்கு சங்கடமாகும்னுதான் ஒருத்தரும் கேக்கல. பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாதுன்னு நாங்களே மொறை வச்சுக்கிட்டோம். இன்னிக்கு நான். நாளைக்கு எதிர்வீட்டு மாடம்மாள் இங்க கொண்டு தருவா. பின்ன மைதீன் வீடு. உன்கிட்ட வாய் திறந்து மிண்டக்கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்."

பொன்செல்விக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அந்த அம்மாளின் கையை உதறவும் மனசு வரவில்லை. மெல்ல மகள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"பசிச்சா என்கிட்ட சொல்லக்கூடாதாட்டி?"

கௌசல்யா வாயில் இருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"பசியே இல்லம்மா, வயிறு வலிக்கத்தான் செய்யுது. நான் இங்க தின்னுட்டு வந்தாதான வீட்டுக் கஞ்சி உனக்கும் அப்பாவுக்கும் பத்தும்."