அம்மாவைக் கூட்டிட்டு வா

ஐந்தாம் வகுப்பில் மறுபடியும் சண்டை. கண்ணாடி போட்ட பெண் ரெட்டைச்சடையின் ரிப்பனைப் பிடித்து இழுத்துவிட்டாள். ரெட்டைச்சடை பதிலுக்கு அவள் பென்சில் டப்பாவைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டாள்.

புதிதாக வந்த வகுப்பு டீச்சர் இருவரையும் தலைமையாசிரியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். எல்லோருக்கும் அவர் ‘பெரிய டீச்சர்’. என்ன ஏது என்று விசாரிக்கவேயில்லை.

“ரெண்டு பேர் அம்மாவையும் வரச் சொல்லுங்க.”

டீச்சருக்கு இது சரியாகப் படவில்லை. ஒருத்தி பாலத்துக்கு இந்தப் பக்கம், இன்னொருத்தி அந்தப் பக்கம். கலவரம் ஓய்ந்து வெகுநாளாகியும் இரண்டு பக்கத்துக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. கடை தனி, பஸ் ஸ்டாப் தனி. பாலத்தடியில் இருக்கும் இந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் பொது. அதை மறுபடி திறக்க வைப்பதற்குள் பெரிய டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கிச் செருப்பு தேய்ந்தே போனது என்பார்கள். அப்படிப்பட்டவரா பிள்ளைகள் சண்டைக்குள் பெரியவர்களை இழுத்துவிடுவது?

அம்மாக்கள் வந்தார்கள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். பெண்ணை அடக்கி வளர்க்கத் துப்பில்லை என்றாள் ஒருத்தி. முதலில் உன் வாயை அடக்கு என்றாள் மற்றவள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பெரிய டீச்சரோ இருவரையும் லேப் ரூமில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பீரியட் முழுக்கக் கூப்பிடவே இல்லை. மணி அடித்ததும் போய், இனிமேல் ஒழுங்காக இருக்கச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் அனுப்பி வைத்தார்.

சுத்தக் கல்நெஞ்சு என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அவள் சமாதானக் கல்விப் பயிற்சியில் முதலாவதாக வந்தவள். சும்மா இருப்பாளா? இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரே படத்துக்குச் சேர்ந்து வர்ணம் அடிக்கச் சொன்னாள். அவர்களும் இதற்காகவே காத்திருந்தது போல ஒட்டிக்கொண்டார்கள். சண்டை என்ற பேச்சே இல்லாமல் மாதம் ஒன்று ஓடிவிட்டது. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு சாயங்காலம் ரெட்டைச்சடையின் அம்மா கேட் அருகே தயங்கித் தயங்கி வந்தாள். பெண் எப்படி நடந்துகொள்கிறாள் என்று கேட்டாள். தங்கம் என்றாள் டீச்சர். சின்னதாகக்கூட ஒரு தப்பும் செய்யவில்லையா? இல்லவே இல்லை என்றதும் அம்மாவின் முகம் தொங்கிப் போயிற்று. மறுநாள் கண்ணாடிக்காரியின் அம்மாவும் வந்து அதையே கேட்டு, அதே முகத்தோடு திரும்பிப் போனாள். டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்த நாளே சண்டை. அதுவும் எப்பேர்ப்பட்ட சண்டை! கண்ணாடிக்காரி கிள்ளினாள். கிள்ளிவிட்டு, வலிக்கிறதா என்று குனிந்து கேட்டாள்.

“இல்லடி. இன்னும் கொஞ்சம் கிள்ளு, மிஸ் பாக்கவே இல்ல.”

மிஸ் பார்த்துவிட்டாள். அப்புறம் என்ன, அம்மாக்கள் வந்தார்கள். வாசலில் வாய்ச்சண்டை. லேப் ரூம். சாத்திய கதவு. டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே ஒருத்தியை ஒருத்தி குதறிவிடப் போகிறார்களே என்று பதறி ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

கண்ணாடிக்காரியின் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டையை அவிழ்த்துப் போட்டு, ரெட்டைச்சடையின் அம்மா பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

டீச்சரைக் கண்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

ஒரே சுவருக்கு அந்தண்டையும் இந்தண்டையும் குடியிருந்தவர்களாம். ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால் மற்றவள்தான் ஓடுவாளாம். கலவரத்தில் வீடு எரிந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, பேசினால் சொந்தக்காரர்களே சும்மா விடமாட்டார்கள். போனைக்கூட வாங்கிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் சண்டை போட்டால் மட்டும், போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வா என்று வீட்டிலேயே அனுப்பி வைப்பார்கள்.

“பெரிய டீச்சருக்கு மட்டும் தெரிய வேண்டாம், டீச்சர். தெரிஞ்சா இதுவும் போயிடும்.”

டீச்சர் தலையை ஆட்டிவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். என்ன ஆனாலும் காட்டிக்கொடுப்பதில்லை என்ற முடிவோடு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள்.

“உள்ள ஒரே சண்டை, மேடம். பாக்கவே சகிக்கல.”

பெரிய டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

“பரவாயில்லையே, நல்லா பொய் சொல்றீங்க. இந்த ஸ்கூலுக்கு நீங்க சரியா வருவீங்க” என்றார். “மூணாம் வகுப்புல ரெண்டு பசங்க இன்னிக்கு உருண்டு புரண்டிருக்காங்க. அவங்க அப்பாக்களை வரச் சொல்லியிருக்கேன். ஆம்பளைங்க சிரிச்சா ரோடு வரைக்கும் கேக்கும். பின்பக்கமா ஒரு ரூம் பாருங்க.”