சொந்தமாக ஒரு பாவம்

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழந்தாளிட்டதுமே தம்பிக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

வெளியே பெஞ்சில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே அவன் பேசுவது அவளுக்குக் கேட்டது. அவளுக்கு மட்டுமல்ல, காத்திருந்த வரிசை மொத்தத்துக்கும் கேட்டது. நடுவில் ஒரு தடுப்பு இருந்தால் அவன் கத்தித்தான் பேசுவான். பாத்திரக்கடை வளர்ப்பு.

"மறந்துபோச்சு சாமி."

நாளைக்கு அவனுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். கூட நிற்கப்போகிறவர்களுக்கு இப்போதுதான் முன்பல் முளைக்கிறது. இவனுக்கு மீசை நரைத்துவிட்டது. போன வருஷமும் வெள்ளைச் சட்டை தைத்தார்கள். அது மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் போயிற்று.

மந்திரம் வேண்டாம், கட்டளைகள் வேண்டாம், ஒரே ஒரு பாவசங்கீர்த்தனம் செய்தால் நற்கருணை தருகிறேன் என்று சாமியார் இறங்கிவந்திருந்தார். அதற்குக் கீழே இறங்க அவருக்கு மேலிடத்தில் அனுமதி இல்லை.

பாவம், அவரும் எவ்வளவோ முயன்றார். மந்திரம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் முயன்றார். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை அக்காதான் கடைசியில் தன் வழியில் விளக்கினாள். ஒரே கடை, மூன்று பங்காளிகள்.

தம்பி நெடுநேரம் யோசித்தான்.

"அப்ப கல்லாவுல யாரு உக்காருவாங்க?"

உபதேசியார் மறுவாரம் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

ஆனால் உண்மையான சிக்கல் அதுவல்ல. அவனிடம் பாவமே இல்லை. பத்துக் கட்டளைகளையும் தரையில் விரித்துப்போட்டு அக்கா தேடிப் பார்த்தாள், ஒன்றும் தேறவில்லை. பொய்க்கு வழியே கிடையாது. கடைசி விலை என்ன என்று யாராவது கேட்டால் கொள்முதல் விலையைச் சொல்லிவிடுவான். கடைத்தெருவில் அவனுக்குப் பெயரே 'அசல்'.

வேறு வழியில்லாமல் அக்கா அவனுக்கென்று சில்லறைப் பாவங்களாகப் பொறுக்கிக் கொடுத்தாள். கோபப்பட்டேன். பூசைக்குப் பிந்தி வந்தேன். செபத்தில் தூங்கினேன். கடைசியது நிஜம். காலையில் பல் விளக்கும்போதுகூடத் தடங்கலில்லாமல் ஒப்பித்தான்.

இப்போது தொட்டிக்குள் சாமியார் ஏதோ மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு ஞாபகம் இருக்கு சாமி" என்றான் தம்பி. பிறகு மூச்சு விடாமல் சொன்னான்.

"அம்மா படுத்த படுக்கையில தண்ணி கேட்டா. கடையில பெரிய யாவாரம். இதோ வர்றேன்னு சொல்லிட்டு விலை பேசிட்டிருந்தேன். முடிச்சுட்டுப் போய்ப் பாத்தா அம்மா சில்லிட்டுக் கெடந்தா."

வரிசையில் எழுந்த சலசலப்பில் உள்ளே அவன் மேலே பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் மேலே கேட்டது அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த தையல்காரர் சம்சாரத்தின் குரல். "அடப்பாவி! வாயில வெரல வெச்சாக் கடிக்கத் தெரியாதுன்னுல்ல நெனச்சோம்?" பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவனையும் வெச்சு சோறு போடுற பாரு, உனக்கு மோட்சம்தான் போ."

யாருக்கும் ஒரு வார்த்தை பாக்கி வைக்காத அக்கா, கையை விடுவித்துக்கொள்ளாமல் தரையைப் பார்த்தாள்.

தம்பி வெளியே வந்தான். முகமெல்லாம் பல்.

"பாஸாயிட்டேன்க்கா! நாளைக்கு வரச் சொல்லிட்டாரு."

"அபராதம் என்னப்பா குடுத்தாரு?" என்றாள் தையல்காரர் சம்சாரம். அந்தப் பாவத்துக்கு என்ன போட்டிருப்பார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவளுக்கு.

"எனக்கா? செபத்துல தூங்காம இருக்கணுமாம். தூங்குனது அவரு கேக்கக் கேக்க ஞாபகம் வந்துருச்சு." தொட்டிக்குள் பேசிய அதே குரலில் சொன்னான். "அம்மாவுது யாரு பண்ணுனதுன்னு கேட்டாரு. எங்க அக்காதுன்னேன். தெனம் விளக்கேத்தி அம்மா படத்துகிட்ட அவ சொல்லுவால்ல, கேட்டுக் கேட்டு அது ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம். அவங்க சரக்கை அவங்கதான் வந்து எறக்கணும்னுட்டாரு."

தையல்காரர் சம்சாரம் பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

அம்மாவை அடக்கம் செய்த வாரத்திலிருந்து அக்கா ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. இந்த வரிசையில் வந்து உட்காருவாள். தன் முறை வந்ததும், அவசரம் போலிருக்கிறது, நீங்கள் போங்கள் என்று பின்னால் இருப்பவருக்கு விட்டுக்கொடுப்பாள். வியாபாரத்தில் ஒரு பைசா விடாதவளுக்குக் கோயிலில் இப்படி ஒரு பெருந்தன்மையா என்று பங்குச் சனம் முழுக்கப் பேச்சு.

தொட்டியின் திரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இரண்டடி வைத்துவிட்டு, திரும்பி வரிசையைப் பார்த்தாள்.

"யாருக்காவது அவசரம்னா முன்னால போங்களேன்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.